பின்பக்கம் பார்க்க வேண்டிய பூ

பிரான்ஸின் அட்லாண்டிக் கரையோரம் இல் த ரே என்றொரு தீவு இருக்கிறது. வெள்ளையடித்த வீடுகளுக்கு நடுவே குறுகலான சந்துகள். வீட்டுச் சுவரும் தெருவின் கல்தளமும் சேருகிற இடுக்கில், உரமோ பாத்தியோ இல்லாமல், ஆளைவிட உயரமான செடிகள் கிளம்பி நிற்கின்றன. கோடையில் ஒவ்வொரு தண்டிலும் கீழிருந்து நுனி நோக்கி உள்ளங்கை அகலப் பூக்கள் மலர்ந்துகொண்டே போகும். வெள்ளை, இளஞ்சிவப்பு, வெளிர் மஞ்சள், ரத்தச் சிவப்பு, கறுப்பு என்றே சொல்லத் தோன்றும் அடர் மெரூன். டென்மார்க்கின் பழைய கடலோர ஊர்களிலும் இதே காட்சிதான். இங்கிலாந்தின் கிராமத்து வீட்டை யார் ஓவியமாகத் தீட்டினாலும் வாசற்கதவின் பக்கத்தில் இந்தச் செடி நிற்கும். வான்கோ 1886-இல் பாரிசில் இருந்தபோது ஒரு ஜாடி நிறைய இதை வரைந்தார். ஹாலிஹாக் என்பது அதன் ஆங்கிலப் பெயர். வட இந்திய விதைக்கடைகளில் குல்கைரா என்று கேட்டால் எடுத்துத் தருவார்கள்.

இரண்டு விரல் நுழையாத இடுக்கில் இரண்டு மீட்டர்ச் செடி எப்படி நிற்கிறது? ஆணிவேரால். பக்கவாட்டில் பரவாமல் நேராகக் கீழே இறங்கும் தடித்த வேர் அது. மேல்மண் காய்ந்தாலும் ஆழத்து ஈரம் அதற்கு எட்டும். சுவரோரத்தில் வேறு வசதிகளும் உண்டு. தண்ணீர் தேங்காது. சுண்ணாம்புச் சாந்து உதிர்ந்து மண்ணின் புளிப்பைக் குறைக்கும். வெயிலில் சூடேறிய சுவர், இலைமேல் விழுந்த பனியைச் சீக்கிரம் உலர்த்திவிடும். தோட்டக்காரர் செய்து தர வேண்டிய எல்லாவற்றையும் அந்தச் சுவரே செய்து தருகிறது.

இந்தச் செடியை அடையாளம் காணவும் வளர்க்கவும் ஒரு பழக்கம் வேண்டும் என்பேன். முன்பக்கத்தை ரசித்த பிறகு பின்பக்கத்தைத் திருப்பிப் பார்க்கும் பழக்கம். பூவின் முதுகில் அதன் அடையாளம் இருக்கிறது. இலையின் முதுகில் அதன் நோய் இருக்கிறது.

முன்பக்கத்தை மட்டும் நம்பினால் குழப்பம்தான் மிஞ்சும். ஐந்து இதழ்கள், நடுவில் மகரந்தம் சுமந்த ஒரு தூண். செம்பருத்தி, வெண்டை, பருத்தி, பூவரசு, துத்தி என்று நமக்குப் பழக்கமான எத்தனையோ செடிகளின் பூவுக்கும் இதே அமைப்பு. எல்லாம் மால்வேசி என்ற ஒரே குடும்பம். அந்த நடுத்தூண் உண்மையில் பல மகரந்தத்தாள்கள் ஒன்றாக ஒட்டி உருவான குழல். குழலுக்கு உள்ளே சூலகத்தண்டு ஏறிப் போகிறது. பள்ளியில் செம்பருத்தியை நீளவாக்கில் அறுத்துப் பார்த்தவர்களுக்கு இது நினைவிருக்கும்.

இப்போது காம்பைப் பிடித்துப் பூவைத் திருப்புங்கள். ஐந்து பச்சைப் புல்லி இதழ்கள் தெரியும். அவற்றுக்கும் வெளியே இன்னொரு பச்சை வளையம் இருக்கிறதா என்று பாருங்கள். அதுதான் புறப்புல்லி வட்டம். மால்வேசிக் குடும்பத்தில் ஒரு செடியை இன்னொன்றிலிருந்து பிரித்துக் காட்டுவதில் இந்த வளையத்துக்குப் பெரிய பங்கு. நம் வேலியோரத் துத்தியில் இது கிடையவே கிடையாது. பருத்தியில் மூன்று பெரிய, விளிம்பு கிழிந்த இலைகளாக வளர்ந்து மொட்டையே மூடியிருக்கும். வெண்டையில் பத்துக்குக் கொஞ்சம் முன்னே பின்னே மெல்லிய நார்களாக வந்து சீக்கிரமே உதிர்ந்துபோகும். ஐரோப்பாவின் வயலோரக் களையான மால்வாவில் ஒன்றோடொன்று ஒட்டாத மூன்று துண்டுகள். ஹாலிஹாக்கில் பெரும்பாலும் ஆறு அல்லது ஏழு முக்கோணத் துண்டுகள், அடிப்பகுதியில் ஒன்றாக இணைந்து ஒரு கிண்ணமாக நிற்கும். அந்தக் கிண்ணத்தின்மேல் நட்சத்திர வடிவ மயிர்கள் அடர்ந்திருப்பதைச் சாதாரண உருப்பெருக்கிக் கண்ணாடியிலேயே பார்க்கலாம்.

இதற்கு மிக நெருங்கிய உறவுச்செடி ஒன்று உண்டு. ஆல்தியா என்ற பேரினத்தைச் சேர்ந்தது. சதுப்பு நிலங்களில் வளரும் அதன் வேரிலிருந்து எடுத்த கொழகொழப்பான சாற்றில்தான் ஆதியில் மார்ஷ்மெல்லோ மிட்டாய் செய்தார்கள். அதன் புறப்புல்லியும் பார்க்க ஏறக்குறைய இப்படியே இருக்கும். ஆனால் பூ சிறியது, மூன்று நான்கு சென்டிமீட்டருக்கு மேல் போகாது. மகரந்தக் குழல் உருண்டையாக, மயிர் படர்ந்து, ஊதா கலந்த மகரந்தப் பைகளோடு இருக்கும். ஹாலிஹாக்கின் குழலோ ஐந்து விளிம்புகள் கொண்டது, மயிரற்றது, மகரந்தப் பைகள் மஞ்சள். லின்னேயஸ் 1753-இல் இரண்டையும் தனித்தனிப் பேரினங்களாகத்தான் வைத்தார். பின்னால் வந்தவர்கள் சேர்த்தார்கள், அதற்கும் பின்னால் வந்தவர்கள் மறுபடி பிரித்தார்கள். அதனால் நம் பழைய தாவரவியல் பாடநூல்களில் ஆல்தியா ரோசியா என்றும், இன்றைய நூல்களில் அல்சியா ரோசியா என்றும் இருக்கும். விதை உறையில் எந்தப் பெயர் இருந்தாலும் செடி ஒன்றுதான்.

செம்பருத்தியோடு மயங்குபவர்கள் சூலகத்தண்டின் நுனியைப் பார்த்தால் போதும். செம்பருத்தியில் ஐந்து குட்டி உருண்டைகள் இருக்கும். ஹாலிஹாக்கில் உருண்டை இராது, மெல்லிய இழைகள் குஞ்சமாகப் பிரிந்திருக்கும். இருபது முதல் நாற்பது சூலறைகள்வரை வட்டமாக அடுக்கிய சூலகம் அது. ஒவ்வோர் அறைக்கும் ஓர் இழை. பூ உதிர்ந்தபின் அந்த வட்டமே தட்டையான காயாகி, முற்றியதும் துண்டு துண்டாகப் பிரியும். ஒவ்வொரு துண்டிலும் ஒரு விதை.

இத்தனை துல்லியமாக அடையாளம் சொல்லக்கூடிய செடிக்குச் சொந்தக் காடு எதுவென்று தெளிவாகச் சொல்ல முடிவதில்லை என்பது எனக்கு இன்றும் வியப்பு. அல்சியா பேரினத்தில் அறுபதை ஒட்டிய சிற்றினங்கள் உண்டு. துருக்கி, ஈரான், காக்கசஸ், மத்திய ஆசியா எனப் பரந்த வறண்ட நிலத்தில் அவை காட்டில் வளர்கின்றன. ஆனால் வீட்டுத் தோட்டத்து அல்சியா ரோசியா மட்டும் மனிதர் குடியிருக்கும் இடங்களை விட்டு விலகி, சந்தேகத்துக்கு இடமில்லாத காட்டுச்செடியாக எங்கும் பிடிபடவில்லை. கலப்பில் பிறந்திருக்கலாம் என்று கருதுகிறார்கள். சீனத்தில் பல நூற்றாண்டுகளாகவும், ஐரோப்பாவில் குறைந்தது பதினாறாம் நூற்றாண்டிலிருந்தும் சுவரோரமாக மனிதரை ஒட்டியே வாழ்ந்து வருகிறது.

மனிதருக்கும் இந்தப் பேரினத்துக்கும் உள்ள உறவு அதைவிடப் பழையது என்று ஒரு காலத்தில் உலகமே நம்பியது. வட இராக்கின் குர்திஸ்தான் மலையில் ஷானிதர் என்ற குகை. அமெரிக்கத் தொல்லியலாளர் ரால்ஃப் சொலெக்கி தலைமையில் நடந்த அகழ்வில், 1960-இல் ஒரு நியாண்டர்தால் மனிதரின் எலும்புக்கூடு கிடைத்தது. ஷானிதர் 4 என்று பெயரிட்டார்கள். எலும்புகளைச் சுற்றியிருந்த மண்ணைப் பிரான்ஸில் ஆர்லெட் லெருவா-குராங் நுண்ணோக்கியில் ஆராய்ந்தபோது, மகரந்தம் கட்டி கட்டியாகத் தென்பட்டது. பல வகைப் பூக்களின் மகரந்தம். அவற்றில் ஒன்று ஹாலிஹாக் வகை.

இது ஏன் பெரிய செய்தி? புல்லின் மகரந்தமோ பைன் மரத்தின் மகரந்தமோ என்றால் காற்றில் வந்து விழுந்தது என்று விட்டுவிடலாம். ஹாலிஹாக்கின் மகரந்தத் துகள் தாவர உலகத்தின் பெரிய துகள்களில் ஒன்று. குறுக்களவு பத்தில் ஒரு மில்லிமீட்டரைத் தாண்டும். உருண்டை முழுக்க நெருஞ்சிக்காயைப் போல முள். காற்று இதைத் தூக்கிக்கொண்டு குகைக்குள் போகாது. ஆக, யாரோ பூவைக் கொண்டுவந்து இறந்தவர்மேல் வைத்திருக்கிறார்கள் என்று சொலெக்கி முடிவுக்கு வந்தார். 1971-இல் வந்த அவருடைய புத்தகம் நியாண்டர்தால்களை முதல் மலர் மனிதர்கள் என்றே அழைத்தது. முரட்டு விலங்குகளாகச் சித்திரிக்கப்பட்டு வந்தவர்கள், தம்மவர் இறந்தபோது பூத்தூவி வழியனுப்பினார்கள் என்ற எண்ணம் எல்லோர் மனத்தையும் தொட்டது.

பிறகு சந்தேகங்கள் வந்தன. 1999-இல் ஜெஃப்ரி சாமர், அந்தப் பகுதியில் வாழும் பாரசீக ஜெர்ட் என்ற எலியினம் பூக்களை வளைக்குள் இழுத்துச் சேமிக்கும் பழக்கம் உடையது என்று சுட்டிக்காட்டினார். 2023-இல் கிறிஸ் ஹன்ட்டும் உடன் ஆய்வாளர்களும் இன்னொரு விளக்கம் தந்தார்கள். ஒரே கட்டியில் பல பூக்களின் மகரந்தம் கலந்திருக்கிறது. அந்தப் பூக்களோ வெவ்வேறு பருவத்தில் மலர்பவை. ஒரே நாளில் பறித்த பூங்கொத்துக்கு இது பொருந்தாது. குகைத் தரையில் வளை தோண்டிக் கூடு கட்டும் தனித்தேனீக்கள் கொண்டுவந்ததாக இருக்கலாம் என்றார்கள். இந்த விளக்கத்தால் நியாண்டர்தால்களின் மதிப்பு குறைந்துவிடுவதாக நான் நினைக்கவில்லை. அந்த ஒரே குகையில் பல உடல்கள் கிடைத்திருக்கின்றன. இறந்தவர்களை அவர்கள் எப்படி நடத்தினார்கள் என்ற ஆய்வு இன்றும் அங்கே தொடர்கிறது.

தேனீக்கும் இந்தப் பூவுக்கும் உள்ள உறவை ஒரு காலை நேரம் பூவருகே நின்று பாருங்கள். பம்பிள்பீ என்ற பருத்த, மயிரடர்ந்த தேனீ பூவுக்குள் புகுந்து வெளியே வரும்போது உடல் முழுக்க வெண்மஞ்சள் பொடி. மற்றப் பூக்களில் என்றால் அந்தப் பொடியைக் காலால் வழித்து, எச்சிலும் தேனும் சேர்த்துப் பிசைந்து, பின்னங்காலில் இருக்கும் கூடையில் உருண்டையாக அப்பிக்கொள்ளும். இங்கே அது முடிவதில்லை. முட்கள் இடிப்பதால் துகள்கள் ஒன்றோடொன்று இறுகிச் சேர்வதில்லை. ஜெர்மனியில் கிளவுஸ் லூனாவ் குழுவினர் 2015-இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் காட்டியது. தேனீ பொடியைத் தட்டி உதறிவிட்டு அடுத்த பூவுக்குப் போகிறது. உதறியும் ஒட்டிக்கொண்டிருப்பது அடுத்த பூவின் சூலக இழையில் போய்ச் சேருகிறது. மகரந்தம் தேனீக் குஞ்சுகளுக்கு உணவாகிப் போகாமல், வந்த வேலையைச் செய்கிறது. சில தனித்தேனீ இனங்களுக்கு மட்டும் இந்த முள் தடையில்லை. அவை மகரந்தத்தைப் பிசைவதில்லை, உலர்ந்தபடியே கால் மயிரில் வாரிக்கொண்டு போகும்.

தேன் எங்கே இருக்கிறது என்று தேடினால் மறுபடி பின்பக்கம்தான். புல்லி இதழ்களின் உட்புற அடியில், பூவிதழ்களுக்குப் பின்னால் சுரக்கிறது. ஐந்து பூவிதழ்களின் அடிகளுக்கு இடையே ஐந்து சிறு இடைவெளிகள். ஓரங்களில் மயிர் காவல். அதன் வழியே நாக்கை நீட்டும் தேனீ நடுத்தூணில் உரசாமல் தப்ப முடியாது. பூ மலர்ந்ததும் முதலில் மகரந்தம் வெளிப்படும். அது தீர்ந்தபிறகே சூலக இழைகள் குழலின் உச்சியில் வெளியே நீளும். ஒரு பூ தன் மகரந்தத்தைத் தானே பெறாமல் இருப்பதற்கான ஏற்பாடு. பக்கத்தில் வேறு நிறச்செடி இருந்தால் அடுத்த தலைமுறையின் நிறம் மாறுவது இதனால்தான்.

வளர்ப்பதற்கு வருவோம். முதலில் புரிந்துகொள்ள வேண்டியது, இது பொதுவாக ஈராண்டுச் செடி. முதல் ஆண்டு தரையோடு ஒட்டி வட்டமான, சொரசொரப்பான இலைகளை விரித்து, கீழே வேரைத் தடிக்க வைப்பதோடு சரி. பூ வராது. குளிர்காலத்தின் தண்மை வளர்நுனியில் பட வேண்டும். பாடநூல் இதைத் தட்பப்பதனம் என்கிறது. குளிர் கடந்து நாள் நீளத் தொடங்கியதும் அந்த இலைக்கொத்தின் நடுவிலிருந்து தண்டு கிளம்பும். முதல் ஆண்டு பூக்கவில்லையே என்று பிடுங்கி எறிந்துவிடுபவர்கள் உண்டு. செடி அப்போது வேரில் முதலீடு செய்துகொண்டிருக்கிறது. விதைத்த ஆண்டே பூக்கும்படி தெரிந்தெடுத்த வகைகளும் உண்டு: சம்மர் கார்னிவல், குட்டையான மஜோரெட் போன்றவை.

டொராண்டோவிலோ லண்டனிலோ ஒஸ்லோவிலோ வீட்டுக்குப் பின்னால் ஒரு துண்டு நிலம் வைத்திருக்கும் தமிழர்களுக்கு இது தயக்கமின்றிப் பரிந்துரைக்கத் தக்க செடி. பனியைத் தாங்கும், ஆழமாக வேரோடும், பெரிய பராமரிப்பு கேட்காது. வட இந்தியச் சமவெளியில் செப்டம்பர், அக்டோபரில் விதைத்துக் குளிர்காலப் பூச்செடியாக வளர்த்து, பிப்ரவரி முதல் பூப் பார்க்கிறார்கள். ஊட்டி, கொடைக்கானல் வாசிகளுக்கும் தடையில்லை. சென்னை, மதுரை வெக்கைக்கு இதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தேவையான குளிர் அங்கே கிடையாது, கிடைக்கிற மிதமான மாதங்களில் வடகிழக்குப் பருவமழை வேரை அழுக வைக்கும். ஆசை விடாதவர்கள் அதே ஆண்டில் பூக்கும் வகையை மழை படாத இடத்தில் நாற்றாக்கி, மழை ஓய்ந்த மார்கழியில் வெளியே நட்டுப் பார்க்கலாம்.

விதையை ஆழப் புதைக்கக் கூடாது. அரை சென்டிமீட்டர் மண் மேலே தூவினால் போதும். பதினைந்து முதல் இருபது டிகிரி வெப்பத்தில் இரண்டு வாரத்துக்குள் முளைக்கும். நிற்கப்போகும் இடத்திலேயே விதைப்பதுதான் சிறந்தது. ஆணிவேர் முறிந்தால் செடி தேறுவது கடினம். குழித்தட்டில் போட்டே ஆக வேண்டுமானால் ஆழமான குழி உள்ளதாகப் பார்த்து, நான்கைந்து இலை வருவதற்குள் மண்ணோடு எடுத்து நட்டுவிடுங்கள். செடிக்குச் செடி குறைந்தது இரண்டடி இடைவெளி. ஆறு மணி நேர வெயில். நன்றாக மக்கிய தொழுவுரம். நெருக்கி நட்டால் முதல் ஆண்டு அழகாகத்தான் இருக்கும். அடுத்த ஆண்டு துரு நோய் வந்து கேள்வி கேட்கும். தண்ணீரைப் பூவாளியால் தலையோடு ஊற்றாமல் அடியில் விடுங்கள். காற்றடிக்கும் இடமென்றால் தண்டு இடுப்பளவு வரும்போதே மூங்கில் குச்சி முட்டுக்கொடுத்துத் தளர்வாகக் கட்டுங்கள்.

துரு நோயைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் ஹாலிஹாக் வளர்ப்பவர்களின் பெரிய கவலை அதுதான். பக்ஸினியா மால்வேசியாரம் என்ற பூஞ்சை. முதலில் விவரிக்கப்பட்டது தென்னமெரிக்காவின் சிலியில், 1852-இல். ஹாலிஹாக் ஆசியச் செடி, அதன் கொடிய எதிரி பெருங்கடலுக்கு அப்பால் வேறு மால்வேசிக் குடும்பச் செடிகளில் வாழ்ந்துகொண்டிருந்தது. கப்பல்கள் இரண்டையும் சந்திக்க வைத்தன. 1873-இல் இங்கிலாந்தை எட்டியபோது அங்கே ஹாலிஹாக் மோகம் உச்சத்தில் இருந்தது. சாஃப்ரன் வால்டன் என்ற ஊரில் வில்லியம் சேட்டர் உருவாக்கிய அடுக்குப்பூ வகைகள் போட்டிகளில் பரிசு வாங்கிக்கொண்டிருந்தன. துரு நோய் அந்தப் பொற்காலத்தை முடித்துவைத்தது. இன்றும் விதை உறைகளில் சேட்டர்ஸ் டபுள் என்ற பெயர் இருக்கிறது. அவர் கண்ட வகைகளில் பல இல்லை.

கோதுமைத் துரு போன்றவை உயிர்ச்சுழலை முடிக்க இரண்டு வெவ்வேறு செடிகளை நாடும். ஒன்றை அகற்றினால் மற்றதைக் காப்பாற்றலாம். ஹாலிஹாக் துரு அப்படியல்ல. சுருக்கிய உயிர்ச்சுழல், முழுவதும் ஒரே செடியில். இலையின் மேற்புறம் மஞ்சள் புள்ளியாகத்தான் தெரியும். திருப்பினால் அங்கே ஆரஞ்சும் பழுப்புமாகக் கொப்புளங்கள். அதிலிருக்கும் வித்துகள் ஓய்வெடுக்காமல் அங்கேயே முளைத்துப் புதிய வித்துகளைக் காற்றில் விடும். ஈரமான இலை கிடைத்தால் போதும். கீழிலைகளில் தொடங்கி மேலே ஏறும். ஆகவே வாரம் ஒருமுறை கீழிலைகளைத் திருப்பிப் பார்த்து, கொப்புளம் கண்ட இலையைக் கிள்ளி அகற்றுங்கள், உரக்குழியில் போடாதீர்கள். பூ முடிந்ததும் தண்டை அடியோடு வெட்டிச் சருகுகளை முழுக்கப் பொறுக்கிவிட வேண்டும். அடுத்த ஆண்டின் நோய் அந்தச் சருகிலும் அடிக்குருத்திலும்தான் காத்திருக்கிறது. பக்கத்தில் மால்வாக் களை இருந்தால் அதையும் பிடுங்க வேண்டும். அத்தி இலை போன்ற ஆழ்மடல் கொண்ட அல்சியா ஃபிசிஃபோலியா துருவை ஓரளவு நன்றாகத் தாங்கும். என் தேர்வு எப்போதும் அதுதான்.

கறுப்பு ஹாலிஹாக் வளர்ப்பவர்கள் ஒரு சோதனை செய்து பார்க்கலாம். நைக்ரா என்று விற்கப்படும் வகை அது. உண்மையில் கறுப்பு நிறமியே அதில் கிடையாது. ஆந்தோசயனின் என்ற செந்நீல நிறமி அடர்ந்து திரண்டு ஒளியை விழுங்கிவிடுவதால் கறுப்பாகத் தெரிகிறது. வெயில் பின்னாலிருந்து படும்படி இதழைத் தூக்கிப் பிடித்தால் சிவப்பு தெரியும். நான்கைந்து இதழ்களை வெந்நீரில் போட்டுச் சாறு இறங்கியதும் இரண்டு கிண்ணத்தில் பிரித்து, ஒன்றில் எலுமிச்சைச் சாறும் மற்றதில் சிட்டிகை சமையல் சோடாவும் விடுங்கள். முதலாவது பளிச்சென்று சிவக்கும், இரண்டாவது நீலப்பச்சையாக மாறும். ஐரோப்பாவில் ஒரு காலத்தில் மதுவுக்கு நிறமேற்றவும் துணிக்குச் சாயமேற்றவும் இந்த இதழ்களைப் பயன்படுத்தினார்கள். வீட்டில் பிள்ளைகள் இருந்தால் இதை அவசியம் செய்து காட்டுங்கள்.

விதை சேகரிப்பவர்கள் ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் ஒரு கூன்வண்டைச் சந்திக்க நேரும். சில மில்லிமீட்டர் நீளம்தான். அதில் பெண்ணின் மூக்கு ஆணின் மூக்கைவிட மிக நீளமானது. அதைக்கொண்டு பூமொட்டைத் துளைத்து உள்ளே முட்டையிடும். புழு ஒரே ஒரு விதைக்குள் புகுந்து அதைத் தின்றே வளர்ந்து வண்டாகும். காய் நன்கு பழுத்து உலர்ந்தபின் துண்டுகளைப் பிரித்து, துளையுள்ளவற்றை ஒதுக்குங்கள். மேலே ஒட்டியிருக்கும் காய்ந்த புல்லித் துணுக்குகளையும் ஊதி அகற்றிவிடுங்கள். துரு விதையின் உள்ளே இருந்து வருவதில்லை, கூட வரும் அந்தச் சருகில் ஒட்டி வருகிறது. உலர்ந்த உறையில் போட்டு வைத்தால் அடுத்த சில ஆண்டுகள் முளைக்கும்.

பழைய வேரிலிருந்து மூன்றாம் ஆண்டும் துளிர் வரும். ஆனால் அதில் பூ குறையும், துரு கூடும். பிடுங்கிவிடுவதே நல்லது. இந்த ஆண்டு ஒரு வரிசையும் அடுத்த ஆண்டு வேறோர் இடத்தில் இன்னொரு வரிசையும் விதையுங்கள். அதன்பின் வருடம் ஒரு வரிசை விதைத்துக்கொண்டே வந்தால் பூ இல்லாத கோடை வராது.